நீல டேப் ஒட்டிய பாட்டில்

பல் டாக்டர் வீட்டு ஒயின் அறையில், சமையலறையை ஒட்டிய சுவரின் மேல் அளவம்மா உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எடுத்தபோது கை ஈரமாக இருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, நம்பாதவள் போல இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் வைத்தாள். அங்கும் ஈரம்தான். கீழே, சுவர்ப் பலகையும் தரையும் சேரும் இடத்தில், விரல் அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை ஓடியிருந்தது. பத்தடிக்கு ஏழடி அறை. அவள் வரைந்து, அவள் வீட்டுக்காரர் தச்சு வேலை பார்த்து, முடித்துக் கொடுத்து ஐந்தே வாரம். எதையும் மூன்று தடவை அளக்காமல் பென்சிலைத் தொடமாட்டாள் என்று வேலையாட்கள் வைத்த பெயர்தான் அளவம்மா. பெயர் வைத்தவர்கள் யாரும் இப்போது அந்தச் சுவரைப் பார்க்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"சுவர் வேர்க்குதும்மா," என்றார் டாக்டர் பின்னாலிருந்து. கோபமில்லை, அலுப்புதான். "முப்பத்தஞ்சு வருஷம் ஜனங்க வாய்க்குள்ள ஈரத்தையும் சொத்தையையும் பார்த்தேன். ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்தா, வீட்டுலயும் அதே."

டாக்டருக்கு எழுபத்தொரு வயது. இதய டாக்டர் அவருக்கு அனுமதித்திருப்பது வாரத்துக்கு ஒரு கிளாஸ். சேர்த்து வைத்திருப்பதோ அறுநூற்றுப் பத்து பாட்டில். முதல் நாள் அறையை அளக்க வந்தபோது அளவம்மா பாட்டிலுக்கு ஐந்து கிளாஸ் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "இது தீர ஐம்பத்தெட்டு வருஷம் ஆகும் சார்," என்று சொல்லிவிட்டாள். "அதுக்குத்தாம்மா கட்டச் சொல்றேன். பாதியில போக முடியாதுல்ல," என்று அவர் சிரித்த சிரிப்பில் பற்கள் எல்லாம் தெரிந்தன. அதனாலேயே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இன்று அந்தப் பாட்டில்களில் சிலவற்றின் லேபிள் ஓரங்கள் ஈரத்தில் நெகிழ்ந்து, காது தூக்கிய நாய்க்குட்டி மாதிரி நின்றன. டாக்டர் ஒன்றைத் தடவிப் படிய வைத்தார். கையை எடுத்ததும் அது மறுபடி தூக்கிக்கொண்டது.

காரணம் என்னவென்று வண்டியில் வந்து உட்கார்ந்து வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வேர்க்கிறதில்லையா, அதே சங்கதிதான். குளிர் அறைக்கு வெளியே இருக்கும் சூட்டுக் காற்று சுவருக்குள் நுழைந்து, குளிர்ந்த இடத்தைத் தொட்டதும் தண்ணீராகிவிடும். அதைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் உண்டு. அது சூடு இருக்கிற பக்கம், அதாவது வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பிறகு தெர்மோகோல் மாதிரி நுரைப்பலகை, பிறகு உள்பலகை. ஷீட்டை உள்பக்கம் போட்டுவிட்டால் வருகிற ஈரத்தை வாசலில் நிறுத்தாமல் வீட்டுக்குள் கூட்டி வந்து பூட்டி வைத்த மாதிரி. அளவம்மாவும் அவள் வீட்டுக்காரரும் இதற்கென்றே ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். அவள் வரைகிற ஒவ்வொரு சுவரிலும் ஷீட் வரவேண்டிய பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். அவர் எழுத்தையெல்லாம் படிக்கமாட்டார். படத்தைச் சுவரில் குத்தி வைத்துவிட்டுச் சிவப்புக் கோட்டை மட்டும் பார்ப்பார். அறைக்குள் நின்று பார்க்கிற மாதிரிதான் அவள் எப்போதும் வரைவாள். ஆனால் இந்தச் சமையலறைப் பக்கத்துச் சுவரை அளக்கப் போன அன்று, டாக்டரின் பழைய நோயாளி நாற்காலி அதன் முன்னால் முழு ஆள் மாதிரி சாய்ந்து கிடந்தது. நகர்த்த நாலு பேர் வேண்டும். எனவே சமையலறைக்குப் போய், அந்தப் பக்கமிருந்து அளந்து, அந்தப் பக்கமிருந்தே வரைந்து கொடுத்துவிட்டாள். இது வெளியே நின்று பார்த்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே நின்று படத்தைப் பார்க்கிறவருக்கு அந்தச் சிவப்புக் கோடு உள்பக்கமாகிவிடும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்குச் சறுக்கினால் ஆனை மட்டுமா விழுகிறது?

இந்தத் தப்பைச் சரிசெய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்த ஒரு சுவரைப் பிரித்து, காயவைத்து, முறைப்படி மூடினால் முடிந்தது. மூன்று நாள் வேலை. அவளை உட்கார வைத்தது வேறு விஷயம். அறைக்குள் பாட்டில்கள் வந்துவிட்டன.

அவள் வீட்டுக்காரர் குடித்தவர். சும்மா குடித்தவர் இல்லை, பன்னிரண்டு வருஷம் வீட்டைக் குடித்தவர். அலமாரியில் விருந்தாளிக்கென்று வைத்திருந்த பாட்டிலில் அளவம்மா பென்சிலால் மட்டம் குறித்து வைப்பாள்; அளக்கிற புத்தி எங்கே போகும்? அவர் குடித்துவிட்டு அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி வைப்பார். கடைசியில் ஒரு நாள் விருந்தாளி வந்து கிளாஸை வாயில் வைத்துவிட்டு, "அக்கா, இது தண்ணியில்ல?" என்று கேட்டபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, ஈரல், படுக்கை. திரும்பி வந்த நாள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, குனிந்து அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். நாலு வருஷமும் ஏழு மாசமும் ஆகிறது. இன்று வரை தனியாக எங்கே போய்த் திரும்பினாலும் வாசலில் அந்த ஊதல் உண்டு. போதும் என்று ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று அவளும் நினைத்துக்கொண்டேதான் இருக்கிறாள். சொன்ன மறுநாள் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம்தான். முகத்தை நீட்டி, மூச்சை இழுத்து, "ம்," என்பாள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

அப்படிப்பட்டவர் ஒயின் அறைகளுக்கு ரேக் செய்கிறாரே என்றால், பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. நல்ல மரவேலைக்கு வேறு யார் கூப்பிடுகிறார்கள்? அதற்கும் ஒரு விதி வைத்தாள். நிஜப் பாட்டில் உள்ளே வருவதற்கு முந்தின நாளே அவர் அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ரேக் கனம் தாங்குகிறதா, கழுத்து சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அவர்களிடமே நாற்பத்தெட்டுக் காலி பாட்டில்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி, கார்க் அடைத்து, கலந்துவிடாமலிருக்க அடியில் நீல டேப் ஒட்டியிருப்பாள். வீடு வீடாக அந்தத் தண்ணீர்ப் பாட்டில்கள்தான் அவர்களோடு போய்வரும். விதி இதுவரை மீறப்படவில்லை. இப்போது மீற வைத்தது அவளுடைய சிவப்புக் கோடு.

"பாட்டிலை எல்லாம் மூணு நாளைக்கு வேற எங்கயாச்சும் வைக்கலாமா சார்?" என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"எங்கம்மா வைக்கிறது? வெளிய இந்த வெயில். குலுக்கினா அடியில தங்கினதெல்லாம் கலங்கிடும். அறைக்குள்ளயே அந்தப் பக்கம் ஒதுக்கிக்கோங்க. கூலிங் மெஷினை மட்டும் நிறுத்தாதீங்க."

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து தெரிந்த தச்சர்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவருக்கு முதுகு. இன்னொருவர், "ஒயின் ரூமா? அய்யோ அது நுணுக்க வேலைக்கா, உங்க வீட்டுக்காரர் இருக்கும்போது நான் எதுக்கு?" என்றார். வீட்டுக்காரர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானே பண்றேன்," என்றார்.

அவள் போனில் அடுத்த நம்பரைத் தேடினாள்.

"பூனையப் பாலுக்குக் காவல் வெச்ச கதையா ஆயிடும்னு பாக்குறியா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லாம இருக்கிறதுதான் எனக்குக் கேக்குது," என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போனார்.

முதல் நாள் இருவருமாகப் போனார்கள், ரேக்கைத் திரும்பப் பொருத்திப் பார்க்க நீல டேப் பாட்டில்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு. அந்தச் சுவர் ரேக்கில் இருந்த நூற்று நாற்பத்திரண்டு பாட்டில்களையும் அளவம்மாவே ஒவ்வொன்றாக எடுத்து, எதிர்ப்பக்கத் தரையில் துணி விரித்துப் படுக்க வைத்தாள். அவரைத் தொடவிடவில்லை. அவரும் கேட்கவில்லை; ஏணியில் ஏறி மேல் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து, பாட்டில்களுக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். அறையில் பதின்மூன்று டிகிரி குளிர். மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. உள்பலகையைப் பெயர்த்தபோது ஷீட்டின் பின்னால் தண்ணீர் கோடு கோடாக இறங்கியிருந்தது. நுரைப்பலகை ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அவர் அதைச் சாக்கில் போட்டார். யாருடைய தப்பு என்று அறையில் இருந்த இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லிக்காட்டாத மனுஷரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சொல்லிக்காட்டினால் தேவலாம் போலிருந்தது.

இரண்டாம் நாள் செங்கல் சுவர் காய்வதற்காகக் காற்றாடி வைத்துவிட்டு, வேலையில்லாமல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே மூக்கு ஒழுக ஆரம்பித்திருந்தது. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மடியில் விரித்தாள்.

"இந்தக் கோடு தப்புன்னு இப்பப் பார்த்தா எனக்கே தெரியுது. அன்னிக்கு எப்படிக் கவனிக்காம விட்டேனோ."

அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து நகத்திலிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன தெரியும்?"

"மூணு சுவருக்கு ஷீட்டு வெளிய. இதுக்கு மட்டும் உள்ள. பதினஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குறேன், இதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சுமா அடிச்சீங்க? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "முன்னெல்லாம் கேப்பேன். நீயும் நானும் சண்ட போடுவோம். கதவு அளவுக்கு ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கோம், ஞாபகம் இருக்கா? இப்ப நான் உன்கிட்ட இது தப்புன்னு சொல்ற எடத்துலயா இருக்கேன்? தினமும் வாசல்ல நின்னு வாயைத் தொறந்து காட்டுறவன், உள்ள வந்து உன் கோடு தப்புன்னு எப்படிச் சொல்லுவான்? சரி, அவ போட்டா ஏதோ காரணம் இருக்கும்னு அடிச்சுட்டேன்."

"நான் ஊதச் சொன்னேனா?"

"நீ சொல்லல," என்றார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வேணாம்னும் சொல்லல," என்றார்.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டுமே. இரண்டு தும்மல்தான் வந்தது. அவர் எழுந்து போய்ச் சமையலறையில் கேட்டு ஒரு டம்ளர் சுடுதண்ணீர் வாங்கி வந்து வாளி பக்கத்தில் வைத்தார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று அந்தக் காலத்தில் அவரை எத்தனை தடவை திட்டியிருப்பாள். இந்தப் பேச்சு விடிந்தும் போகவில்லை. ராத்திரி முழுக்க அவளோடு படுத்திருந்து, காலையில் அவளோடு எழுந்து வண்டியில் ஏறிக்கொண்டது.

மூன்றாம் நாள் மூக்கு சுத்தமாக அடைத்துவிட்டது. காலையில் காப்பியைக் குடித்தாள், வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. தலைக்குள் யாரோ பஞ்சை அடைத்துத் தைத்திருந்தார்கள். ஆனாலும் போய் வாளி மேல் உட்கார்ந்தாள். அவர் செங்கல்லை ஒட்டிப் புது ஷீட்டைப் பரப்பி, நுரைப்பலகை வைத்து, பன்னிரண்டு மணிக்குள் உள்பலகையைத் திருகி முடித்தார். ரேக்கையும் ஏற்றினார். வேலை பளிச்சென்று இருந்தது. இனி பாட்டில்களை அடுக்குவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டாக்டரின் மனைவி, டாக்டரம்மா, படியிறங்கி வந்தாள். டாக்டருக்கு நேர் எதிர், இரைந்து பேசுகிற மனுஷி.

"இதென்னம்மா, மூஞ்சியெல்லாம் வீங்கிப்போய்! எங்க வீட்டு ஒயின் கெடக்கூடாதுன்னு நீங்க கெட்டுப்போயிடுவீங்க போலிருக்கே. வாங்க மேல, ஆவி பிடிங்க. அவர் அடுக்கிக்குவார். ஆம்பிளைங்களுக்கு அடுக்கவாவது தெரியட்டும்."

அளவம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்காமல் திருகாணிகளை டப்பாவில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்காமல் இருந்தால் அது ஒரு பதில். எழுந்து போனால் அது ஒரு பதில். டாக்டரம்மா அதற்குள் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கியாயிற்று. மாடிக் கூடத்தில் ஆவி பிடித்தாள், ஒன்றும் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாம் என்று மேஜையில் தலையைச் சாய்த்தாள். விழித்தபோது வெயில் ஜன்னல் மாறி விழுந்திருந்தது. மணி மூன்றரை. குப்பை லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

அவள் படியிறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது.

அறை முடிந்திருந்தது. ஈரச் சாக்குகள் ஒன்றும் இல்லை, தரை பெருக்கித் துடைத்திருந்தது. புதுச் சுவரில், ரேக்குக்கு மேலே, உள்ளங்கை அகல பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நாலு பக்கமும் டேப் அடித்து ஒட்டியிருந்தார். அது அவர்கள் வழக்கமாகச் செய்கிற சோதனை. ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தால், சுவருக்குள் ஈரம் இருந்தால் அதன் பின்னால் துளி கட்டும். அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் கண் தன் பாட்டுக்கு வரிசை வரிசையாக அடிப்பக்கங்களை எண்ணிக்கொண்டு போயிற்று. கறுப்பு, கறுப்பு, பச்சை, கறுப்பு. கீழிருந்து மூன்றாவது வரிசையின் கடைசியில் நின்றுவிட்டது. அங்கே நீல டேப் ஒட்டிய பாட்டில் ஒன்று இருந்தது.

ஒயின் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். பன்னிரண்டு வருஷத்துப் பழைய அலமாரி ஒன்று அவள் நெஞ்சுக்குள் திறந்து மூடியது.

"உடைஞ்சிடுச்சு," என்றார் அவர். "கை ஈரம். கழுத்தப் பிடிச்சேன், நழுவிடுச்சு."

"கண்ணாடி?"

"ஈரப் பலகையோட சாக்குல போட்டேன். லாரி எடுத்துட்டுப் போயிடுச்சு. அப்புறந்தான் தோணுச்சு, வெச்சிருக்கணும்னு." முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "சட்டையெல்லாம் தெறிச்சிடுச்சு. அந்த வாசனையோட உன் முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு அலசிட்டேன். இப்ப யோசிச்சா அதுவும் தப்புதான். எல்லாத்தையும் அழிச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"தண்ணிப் பாட்டிலை எதுக்கு வெச்சீங்க?"

"ஒரு எடம் காலியா இருந்தா கண்ணு அங்கயே போகுது. டேப்பைப் பிரிக்கல பாரு. ஏமாத்தணும்னா பிரிச்சிருப்பேன்ல?" சொன்ன பிறகு அந்த வாதம் அவருக்கே பிடிக்காதவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "பொய் சொல்லக் கூடாது. தரையெல்லாம் சிவப்பா ஓடுச்சு. நாலரை வருஷம் கழிச்சு அந்த வாசனை. துணி எடுக்கப் போகணும்னு தெரியுது, காலு போகல. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஒரு விரலைத் தொட்டா என்னன்னு தோணுச்சு."

"தொட்டீங்களா?"

"இல்ல."

மெஷின் ஒரு சுற்று நின்று மறுபடி உறுமியது. அந்த 'இல்ல'வை அவள் எங்கே வைத்து அளப்பாள்? எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு நாடா இருந்தது, இதற்கு இருந்த ஒரே கருவி மூக்கு. சாட்சி சொல்ல வேண்டியது லாரியில் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு நனைந்த சட்டையும் ஒரு மனுஷரும்தான்.

"டாக்டர்கிட்ட நானே சொல்றேன்," என்றார் அவர். "உன்கிட்ட முதல்ல சொல்லணும்னுதான் உக்காந்திருந்தேன்." எழுந்து நின்றார். முழங்கால் சொடுக்கியது. "ஊதட்டுமா?"

"மூக்கு அடைச்சிருக்கு. காப்பிகூடத் தெரியல எனக்கு."

"தெரியும்."

தெரிந்தே கேட்கிறார் என்றால் அதை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது? உள்ளே நின்றா, வெளியே நின்றா? அவள் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் அவர் முன்னால் போய் நின்றாள். நாலு வருஷமாக வாசலில் நிற்கிற அதே தூரம். அவர் குனிந்து வாயைத் திறந்து ஊதினார். ஒயின் இல்லை, பசை இல்லை, மரத்தூள் இல்லை, அவருடைய சொந்த வாசனைகூட இல்லை. கன்னத்தில் சூடு மட்டும் பட்டது. மூன்று நாள் குளிரில் உட்கார்ந்திருந்த முகத்துக்கு அந்தச் சூடு எவ்வளவு பக்கத்தில் இருந்து வருகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. எப்போதும் சொல்கிற "ம்" வரவில்லை. நகரவும் இல்லை.

"ஈரச் சட்டையோட நிக்காதீங்க," என்று ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் கைகளுக்கு அது பாதி வரைதான் எட்டியது.

மேலே கதவு திறந்து, டாக்டரின் செருப்புச் சத்தம் படி படியாக இறங்க ஆரம்பித்தது. இருவரும் பாட்டில்களைப் பார்க்கவில்லை. புதுச் சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டைப் பார்த்தபடி தோளோடு தோள் நின்றார்கள். விளக்கின் மஞ்சள் அதில் பட்டு, கலங்கலாக இரண்டு தலைகள் தெரிந்தன. அதன் பின்னால் இன்னும் துளி எதுவும் கட்டவில்லை. நாளைக்கு இதே நேரம் வரை ஆகும், தெரிவதற்கு.